துவாக்குடி, மாத்தூர், கும்பக்குடிப் பட்டறைகளுக்கு ஒரு திறந்த மடல்: தொட்டியை அளந்த பிறகு மெஷின் வாங்குங்கள்

ஃபேப்ரிகேஷன் பட்டறை நடத்தும் நண்பர்களே,

உங்களில் பலர் ஒருவர் பின் ஒருவராக என்னிடம் கேட்டுவிட்டீர்கள். "தெருவிளக்குக் கம்பம் போடலாம் என்று இருக்கிறோம், பெண்டிங் மெஷினுக்குக் கொடேஷன் வந்துவிட்டது, எந்த மாடல் எடுப்பது?" என்று. ஆளுக்கு ஆள் போனில் பதில் சொல்லிக்கொண்டிருப்பதைவிட எல்லோருக்கும் சேர்த்து எழுதுவதுதான் முறை. கம்பம் போடலாம், போடத்தான் வேண்டும். ஆனால் மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். இந்தத் தொழிலில் வளைக்கும் மெஷின் கடைசியாக வாங்க வேண்டிய பொருள்.

ஏன் போட வேண்டும் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1965-இல் திருச்சிக்கு பெல் (பி.எச்.இ.எல்.) தொழிற்சாலை வந்ததிலிருந்து அதன் பாய்லர் வேலையை நம்பி வளர்ந்த பட்டறைகள் நம்முடையவை. அந்த ஆர்டர் மெலிந்துபோன பிறகு ஷெட்டுகள் எப்படி இருக்கின்றன என்று தினமும் பார்க்கிறீர்கள். ஐ.பி.ஆர். (இந்திய பாய்லர் விதிமுறை) தேர்வு எழுதி, எக்ஸ்ரேயில் தேறிய வெல்டர்கள் கிரில் கேட் பற்றவைத்துக்கொண்டிருக்கிறார்கள். மறுபக்கம், 2015 ஜனவரியில் தொடங்கிய தேசியத் தெருவிளக்குத் திட்டத்தில் நாடு முழுக்க 1.3 கோடிக்கு மேல் எல்.இ.டி. விளக்குகள் மாட்டப்பட்டன. மாட்டியது விளக்கைத்தான், அதைத் தாங்கும் கம்பம் பல இடங்களில் பழையதே. ஏதாவது ஒரு நகராட்சிச் சாலையில் நடந்து, கம்பத்தின் அடிப்பகுதியைத் தரைமட்டத்தில் குனிந்து பாருங்கள். பெயின்டுக்கு அடியில் துரு உதிர்ந்து, விரல் நுழையும் ஓட்டை விழுந்த கம்பங்களின் மேல் புது விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அந்தக் கம்பங்களை மாற்றும் வேலை யாருக்காவது வந்தே தீரும். அது நமக்கு வரட்டும்.

இனி கம்பத்துக்கு வருகிறேன். சந்தையில் அதிகம் கேட்கப்படுவது 9 மீட்டர் எண்கோணக் கம்பம். பொதுவாக அடியில் 155 மி.மீ., உச்சியில் 70 மி.மீ., தகடு 3 மி.மீ. கனம், அடியில் 16 மி.மீ. பேஸ் பிளேட். எதிரெதிர் முகங்களுக்கு இடையிலான அளவை 3.314-ஆல் பெருக்கினால் எண்கோணத்தின் சுற்றளவு. அடியில் 514 மி.மீ., உச்சியில் 232 மி.மீ. வருகிறது. அதாவது தகட்டை ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் சாய்த்து வெட்ட வேண்டும். ஒன்றின் தலைப்பக்கம் மற்றொன்றின் கால்பக்கம் வருமாறு அடுக்கினால் இரண்டு துண்டுக்கு 746 மி.மீ. அகலம் போதும், நான்கு துண்டுக்கு 1,492. தகட்டுச் சுருள், அதாவது காயில், வருவது 1,500 மி.மீ. அகலத்தில். முனைகளில் சிறிது சீவுவது தவிர, தகட்டில் வீணாகப் போவது ஏதுமில்லை. இந்த அளவுகள் ஏதோ வாய்க்கு வந்தபடி வைத்தவை அல்ல என்பது இதிலேயே தெரியும். டெண்டரில் அடியில் 160 மி.மீ., உச்சியில் 75 மி.மீ. என்று யாராவது மாற்றிக் கேட்டால், சம்மதிக்கும் முன் காயில் அகலத்தை வைத்து ஒரு கணக்குப் போடுங்கள். அந்த 5 மி.மீ.யால் நான்காவது கம்பம் தகட்டில் அடங்காமல் போகும்.

எடையும் அப்படியே கணக்கில் வரும். குழாய்ப் பகுதி 79 கிலோ, பேஸ் பிளேட் 8.5 கிலோ. கதவும் மற்ற சில்லறையும் சேர்த்தால் ஏறக்குறைய 90.

இதுவரை எல்லாம் உங்களுக்குக் கைவந்த வேலை. வெட்டுவது, வளைப்பது, பற்றவைப்பது. பாய்லர் டிரம்முக்குப் பக்கத்தில் நின்ற கைகளுக்கு 3 மி.மீ. தகடு ஒரு பொருட்டில்லை. நான் கவலைப்படுவது அடுத்த படியைப் பற்றி. இந்தக் கம்பத்தைப் பெயின்ட் அடித்து அனுப்ப முடியாது. உள்ளும் புறமும் துத்தநாகம் ஏற வேண்டும், சூடான தொட்டியில் முக்கி எடுக்க வேண்டும். கம்பத்தின் ஆயுளைத் தீர்மானிப்பது அந்தத் தொட்டி. உங்கள் கம்பத்தின் நீளத்தையும், ஒரு நாளைக்கு எத்தனை போகும் என்பதையும், லாபத்தையும்கூடத் தீர்மானிப்பது அதுதான். அதனால்தான் லைனைப் பின்னாலிருந்து போடுங்கள் என்கிறேன். முதலில் தொட்டி எது என்று முடிவு செய்யுங்கள். பிறகு அதற்கேற்ற நீளம், அந்த நீளத்துக்கேற்ற வெல்டிங் படுகை. மெஷின் அதற்கும் பிறகு.

தனியாகத் தொட்டி போடலாமா என்று ஒருவர் கேட்டார். கணக்கைப் பாருங்கள். 12.5 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம், 1.8 மீட்டர் ஆழம் என்று ஒரு நடுத்தரத் தொட்டியை எடுத்துக்கொண்டால் 27 கன மீட்டர். உருகிய துத்தநாகம் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 6.6 டன். தொட்டியை நிரப்ப மட்டும் 175 டன்னுக்கு மேல் வேண்டும். கிலோ 250 ரூபாய் என்று குறைத்து வைத்தாலே ஏறக்குறைய நாலரைக் கோடி ரூபாய் அந்தக் குழிக்குள் கிடக்கும். துத்தநாகம் 419 டிகிரியில் உருகுகிறது. தொட்டி 450 டிகிரிப் பக்கம் இருக்க வேண்டும். ஆர்டர் இல்லை என்று அடுப்பை அணைத்துவிட முடியாது. ஞாயிறு, தீபாவளி, பொங்கல் எல்லா நாளும் எரியும். ஒரு 9 மீட்டர் கம்பம் எடுத்துக்கொண்டு போவது 3 கிலோ சொச்சம் துத்தநாகம். உங்களில் எவருடைய தனி ஆர்டரும் அந்தத் தொட்டிக்குச் சோறு போடாது.

அதற்கு முன்னால் ஆசிட் பாத் இருக்கிறது. எண்ணெய் நீக்கி, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் துரு எடுத்து, கழுவி, ஃப்ளக்ஸில் முக்கி, உலர்த்திய பிறகுதான் தொட்டி. இதை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சிவப்பு வகையில் வைத்திருப்பது நியாயமானது. ஷெட்டுக்குப் பின்னால் ஒரு ஃபைபர் தொட்டி கட்டி, தீர்ந்த அமிலத்தை இரவில் வாய்க்காலில் விடும் வேலையை எந்த ஊரிலும் யாரும் செய்யக் கூடாது. நம் கிணறுகள் நம் தொழிலாளர் வீட்டுக் கிணறுகள். இந்த ஒரு விஷயத்தில் நான் யாரோடும் சமாதானம் பேசத் தயாரில்லை.

ஆகவே ஆரம்பத்தில் ஜாப் ஒர்க். அனுமதி பெற்று, கழிவு நீரைச் சுத்திகரித்து நடத்தும் கால்வனைசிங் ஆலைக்கு நேரில் போய் டேப் வைத்து அளங்கள். "13 மீட்டர் தொட்டி" என்று அவர்கள் சொல்வது வெளி அளவாக இருக்கலாம். உங்களுக்கு வேண்டியது உள் அளவு. கம்பம் படுத்த வாக்கில் போகாது, ஒரு முனை தாழ்ந்து சரிவாகத்தான் இறங்கும். அந்தச் சரிவில் 9 மீட்டரும் ஒரே முக்கில் மூழ்க வேண்டும். இரண்டு முறை முக்கினால் நடுவில் ஒரு கோடு விழும், சூடு சீரில்லாமல் கம்பமும் வளையும். கம்பத்தைக் கொக்கியில் எப்படி மாட்டுவார்கள், எத்தனை கம்பம் ஒரு முக்குக்கு, திரும்பி வரும்போது எப்படி அடுக்குவார்கள் என்பதையெல்லாம் அங்கேயே நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.

தொட்டிக்குப் போகும் முன் இரண்டு விஷயங்களை உங்கள் ஷெட்டிலேயே சரிசெய்தாக வேண்டும்.

முதலாவது, இரும்பில் உள்ள சிலிக்கான். கம்பத்துக்கு எஸ்-355 தரத் தகடு கேட்பார்கள். அந்தத் தரத்தில் சிலிக்கான் 0.55 சதவீதம் வரை இருக்கலாம் என்று விதியே இடம் தருகிறது. ஆனால் 0.04-லிருந்து 0.14 சதவீதத்துக்குள் இருந்துவிட்டால், தொட்டியில் இரும்பும் துத்தநாகமும் அடங்காமல் வினை புரியும். பூச்சு தடித்து, பளபளப்பே இல்லாத சாம்பல் நிறத்தில், தட்டினால் பொருக்காக உதிரும்படி வரும். 0.25-க்கு மேல் போனாலும் கிட்டத்தட்ட அதே கதை. இந்தியத் தரம் ஐ.எஸ். 4759, 2 முதல் 5 மி.மீ. வரையிலான கனத்துக்குக் கேட்பது சதுர மீட்டருக்கு 460 கிராம், அதாவது 65 மைக்ரான் அளவு. தவறான தகடு போனால் இதைப்போல் இரண்டு மடங்கு துத்தநாகத்தை உறிஞ்சிக்கொண்டு, பார்வைக்கும் மட்டமாகத் திரும்பும். வாங்குபவர் "இது பழைய கம்பம்" என்று திருப்பி அனுப்புவார். கால்வனைசிங் ஆலையோடு சண்டை போட்டுப் பயனில்லை, குற்றம் தகட்டில் இருக்கிறது. காயில் வாங்கும்போதே மில் டெஸ்ட் சர்ட்டிஃபிகேட்டில் சிலிக்கான் 0.03-க்குள் அல்லது 0.15-க்கும் 0.25-க்கும் இடையில் என்று ஆர்டரிலேயே எழுதுங்கள். டீலர் "எல்லாம் ஒன்றுதான்" என்பார். ஒன்றில்லை.

இரண்டாவது, துளைகள். 450 டிகிரித் தொட்டிக்குள் மூடிய அறை ஒன்று போனால், அதற்குள் மாட்டிய ஒரு மடக்குத் தண்ணீரும் கணத்தில் நீராவியாகும். நீராவி தண்ணீரைவிட ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். வெடித்தால் உருகிய துத்தநாகம் ஆட்கள் மேல்தான் தெறிக்கும். கம்பத்தின் அடியில் பேஸ் பிளேட்டை முழுமூடியாக வைக்கக் கூடாது, நடுவில் பெரிய துவாரம் வேண்டும். உச்சியும் திறந்திருக்க வேண்டும், மூடியைக் கால்வனைஸ் ஆன பிறகு போடுங்கள். ஸ்டிஃப்னர் வைத்தால் அதன் உள்மூலையைச் சீவிவிடுங்கள், இல்லையென்றால் அந்த மூலையில் அமிலமும் துத்தநாகமும் தேங்கும். ஒன்றன் மேல் ஒன்று படியும் தகடுகளைச் சுற்றிலும் முழுதாகப் பற்றவைத்து உள்ளே காற்றை அடைக்காதீர்கள். பாய்லர் வேலையில் "ஒரு ஓட்டைகூட இருக்கக் கூடாது" என்று பழகியவர்கள் நாம். இந்த வேலையில் ஓட்டையை டிராயிங்கிலேயே போட்டுவைக்க வேண்டும். ஃபிட்டர்களை உட்காரவைத்து இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

இனிதான் மெஷின். எண்கோணத்தில் வெல்டு ஒரு முகத்தின் நடுவில் வரும்படி வைத்தால் எட்டு வளைப்பு, ஒவ்வொன்றும் 45 டிகிரி. எஸ்-355 தகடு வளைத்ததும் கொஞ்சம் எழும்பும். ஒவ்வொரு வளைப்பிலும் ஒரு டிகிரி குறைந்தால் எட்டாவதில் 8 டிகிரி. விளிம்புகள் சேராமல் வாய் பிளந்து நிற்கும், வெல்டர் அதை இழுத்துப் பிடித்து டேக் அடிப்பார், அந்த இறுக்கமெல்லாம் தொட்டியில் சூடு பட்டதும் அவிழ்ந்து கம்பம் கோணிக்கொள்ளும். நீள மெஷினில் இன்னொரு தொல்லை: படுகை நடுவில் தாழ்ந்து, முனைகள் முழுதாக வளைந்து நடுப்பகுதி வளையாமல் நின்று, தகடு தோணி போல ஆகும். மெஷின் விற்பவரிடம் டன் அளவை மட்டும் கேட்காதீர்கள். 3 மி.மீ. எஸ்-355 தகட்டுக்கு மீட்டருக்கு 28 டன் வரை ஆகும், 9 மீட்டருக்கு 250 டன். 4 மி.மீ., 12 மீட்டர் என்றால் 440 டன்னைத் தொடும். டன் கணக்கு யாரும் போட்டுவிடலாம். நடுத் தாழ்வை எப்படி ஈடுகட்டுகிறது என்பதைத்தான் கேட்க வேண்டும். உங்கள் சொந்தத் தகட்டை எடுத்துக்கொண்டு போய், அவர்கள் கண் முன்னே முழு நீளத்துக்கு வளைத்து, இரு முனையிலும் நடுவிலும் கோணமானி வைத்துப் பாருங்கள். அதற்குச் சம்மதிக்காதவரிடம் வாங்காதீர்கள்.

நீள வெல்டைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்கப் போவதில்லை. சப்-ஆர்க், நிமிடத்துக்கு ஒரு மீட்டர் என்று வைத்தால் 9 நிமிடம். வளைப்புக்கு, தகட்டைத் தூக்கித் திருப்புவதும் சேர்த்து, 20 நிமிடம் ஆனால் ஒரு ஷிஃப்டில் 24 கம்பம். பேஸ் பிளேட்டும் கதவும் கை வேலை. அங்கேதான் வரிசை தேங்கும், அதனால் இரண்டு மேடை போடுங்கள். ஷெட் அமைப்பில் ஒன்றே ஒன்று: தகடு ஒரு வாசலில் நுழைந்து கம்பமாக எதிர் வாசலில் வெளியேற வேண்டும். 9 மீட்டர் பொருளை ஷெட்டுக்குள் திருப்ப ஆரம்பித்தால் கிரேன் நாள் முழுக்க அதற்கே போய்விடும், ஆட்களுக்கும் ஆபத்து.

கதவைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். தரையிலிருந்து சுமார் அரை மீட்டர் உயரத்தில் ஜங்ஷன் பாக்ஸுக்காக ஒரு வாய் வெட்டுகிறோம். கம்பத்தில் காற்று உண்டாக்கும் வளைவு விசை அதிகமாக இருக்கும் பகுதி அதுதான். அந்த உயரத்தில் எண்கோணத்தின் ஒரு முகம் 62 மி.மீ. அகலம்தான். கை நுழையும் அளவுக்கு வெட்டினால் இரண்டு பக்க மூலைகளும் போய்விடும். மூலைதான் பலம். எனவே உள்பக்கம் தகட்டுச் சட்டம் வைத்துப் பற்றவைத்தே ஆக வேண்டும். வாயின் நான்கு மூலைகளையும் உருட்டி வெட்டுங்கள், கூர்மூலையில் விரிசல் தொடங்கும். பிளாஸ்மா வெட்டுக்கு ஜிக் செய்துகொள்ளுங்கள், கையால் வேண்டாம்.

அந்தக் கதவுக்கு உள்ளே இருப்பது மின்சாரம். மழைக்காலத்தில் தெருவிளக்குக் கம்பத்தைத் தொட்டுக் குழந்தைகளும் மாடுகளும் இறந்த செய்தி வராத ஆண்டு எது? மூடி காணாமல் போன கதவு, ஈரம் ஏறிய கனெக்டர், எர்த் இல்லாத கம்பம். நிறுவுவது நம் வேலை இல்லை என்று ஒதுங்கிவிட முடியாது. எர்த்திங் போல்ட்டுக்கான இடத்தைக் கம்பத்தோடு சேர்த்துப் பற்றவைத்து, அதன் மரை துத்தநாகத்தில் அடைபடாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு. ஹைலம் ஷீட்டும் எம்.சி.பி.யும் உட்காரும் இடம் தரையில் தேங்கும் தண்ணீருக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். மூடி சாதாரண ஸ்குரூ டிரைவரில் கழலக் கூடாது, ஆலன் ஸ்குரூ போட்டு, மூடியை ஒரு சங்கிலித் துண்டால் உள்ளே இணைத்துவிடுங்கள். ஒரு கம்பத்துக்கு ஆகும் செலவு ஒரு சாப்பாட்டுக் காசு.

இதே இடத்தில் கனத் திருட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முதல் டெண்டரிலேயே யாராவது வந்து உங்கள் காதில் ஓதுவார்கள்: "3 மி.மீ. எழுதி 2.5 போடுங்கள், யார் பார்க்கப் போகிறார்கள்?" கம்பத்துக்கு 13 கிலோ மிச்சம். இரும்பு கிலோ 60 என்றால் 800 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. கம்பத்தின் பலத்தில் ஆறில் ஒரு பங்கு போய்விடுகிறது. காற்று விசைக்கான ஐ.எஸ். 875 தரத்தில் கோயம்புத்தூருக்கும் மதுரைக்கும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 39 மீட்டர், திருச்சிக்கு 47, சென்னைக்கு 50. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கமாக ஏறும். மதுரையில் நிற்கும் கம்பத்தைவிடச் சென்னையில் நிற்பது 64 சதவீதம் அதிகம் தாங்க வேண்டும். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் செய்ததையும், 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்திலிருந்து உள்ளே வந்து நம் பக்கத்து டெல்டாவில் செய்ததையும் பார்த்தவர்கள் நாம். கம்பம் விழுவது ஆள் நடக்கும் இடத்தில். கதவு ஓரத்தில் ஒரு வெர்னியர் வைத்தால் திருட்டு தெரிந்துவிடும் என்பது வேறு விஷயம். எந்த ஊருக்குப் போகிறது என்று கேட்காமல் கம்பம் விற்காதீர்கள். ஊருக்கு ஏற்ற கணக்கு போட்டு, அதைக் கையெழுத்தோடு பில்லுடன் கொடுங்கள். நம் ஊர்க் கம்பம் என்றால் காகிதத்தில் உள்ளது கம்பத்தில் இருக்கும் என்ற பெயர் வரட்டும்.

கால்வனைசிங் முடிந்து திரும்பி வந்த கம்பங்களை மழையில் ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டுவைக்காதீர்கள். ஐப்பசி மழையில் நனைந்து காற்றோட்டமில்லாமல் கிடந்தால் சில நாளிலேயே வெள்ளைப் பொடி பூத்துவிடும். நடுவில் கட்டை கொடுத்து, ஒரு பக்கம் சரிவாக அடுக்குங்கள். பூச்சின் கனத்தை அளக்கும் எல்கோமீட்டர் ஒன்று வாங்கி, ஒவ்வொரு லோடிலும் அடி, நடு, உச்சி மூன்றையும் அளந்து எழுதிவையுங்கள்.

பணத்தைப் பற்றி மழுப்பாமல் பேசுவோம். 500 கம்பம் என்றால் 44 டன்னுக்கு மேல் இரும்பு. கிலோ 60 என்று வைத்தால் 26 லட்சத்துக்கு மேல், அதுவும் முன்பணம். துத்தநாகக் கூலி தனி. உங்களிடம் வாங்குவது மாநகராட்சியாக இருக்காது, மின் கான்ட்ராக்டராக இருப்பார். அவருக்கு வந்தால்தான் உங்களுக்கு வரும் என்பார். 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி 45 நாளுக்கு மேல் போனால் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் ஒரே ஒரு கான்ட்ராக்டரை நம்பி இருப்பவர் அந்த உரிமையைப் பயன்படுத்தத் துணிவதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு பட்டறை நல்ல கம்பம் போட்டும் ஒரே பில்லுக்காகக் காத்திருந்து மூடியது. வேலை குறையால் அல்ல, ஒரே வாசலை நம்பியதால். அதனால் முதல் ஆண்டு சொந்தப் பெயரில் டெண்டருக்கு ஓடாமல், ஏற்கெனவே அங்கீகாரப் பட்டியலில் இருக்கும் கம்பக் கம்பெனிகளுக்கு வளைத்துப் பற்றவைத்துத் தரும் ஜாப் ஒர்க் எடுங்கள். லாபம் குறைவு. ஆனால் இரும்பு அவர்களுடையது, உங்கள் கை பழகும்.

கடைசியாக, இந்த மடலை எழுதவைத்த விஷயம். நீங்கள் பத்துப் பேரும் பத்து மெஷின் வாங்கினால் ஓராண்டில் ஒருவர் விலையை ஒருவர் வெட்டி எல்லோரும் கடனில் நிற்பீர்கள். ஒருவர் வெட்டட்டும், ஒருவர் வளைத்து நீள வெல்டு போடட்டும், இருவர் பேஸ் பிளேட்டும் கதவும், ஒருவர் ஃபவுண்டேஷன் போல்ட். ஆர்டர் நிலைத்த பிறகு சேர்ந்து ஒரு தொட்டி. பொது வசதி மையங்களுக்கு மத்திய அரசின் குறு, சிறு தொழில் கிளஸ்டர் திட்டத்தில் மானியம் இருக்கிறது. நம் பட்டறைச் சங்கத்துக்கு அந்த வழி புதிதல்ல. சுத்திகரிப்பு நிலையத்தோடு கூடிய ஒரே ஒரு தொட்டி, உங்கள் எல்லோருடைய கம்பமும் அதில். கம்பம் குறைந்த மாதத்தில் டவர் ஆங்கிளும் கைப்பிடிக் குழாயும் அதில் போகும், அடுப்பு சும்மா எரியாது.

இதற்குச் சம்மதிப்பவர்கள் சங்க அலுவலகத்தில் கூடுவோம், தேதியைச் செயலாளர் சொல்வார். முதலில் பத்து மாதிரிக் கம்பம் போடுவோம், இருக்கிற பட்டறைகளிலேயே, புது மெஷின் எதுவும் வாங்காமல், தகட்டை வெளியில் வளைத்து. வரும்போது உங்கள் ஷெட்டின் நீளம், அகலம், கிரேன் கொக்கியின் உயரம் மூன்றையும் எழுதிக்கொண்டு வாருங்கள். கடைசியாக வாங்கிய தகட்டின் மில் சர்ட்டிஃபிகேட் நகலும் வேண்டும், சிலிக்கான் வரியை அடிக்கோடிட்டு. வெல்டர்களையும் ஃபிட்டர்களையும் அழைத்து வாருங்கள். துளை எங்கே வைப்பது என்பதை அவர்களோடுதான் முதலில் பேச வேண்டும்.

அன்புடன்,
உங்கள் தொழில் தோழன்